கோடை ஆய்வு: பெங்களூரா, விதுராவா, கிருஷ்ணாபுரமா?

மூன்றாண்டு பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைக்கு ஆய்வுக்கென்று கிடைப்பது இரண்டே கோடை. முதலாண்டு முடிந்து ஒன்று, இரண்டாமாண்டு முடிந்து ஒன்று. மூன்றாமாண்டுக்குப் பிறகு வரும் கோடை, டி.சி.யும் மார்க் ஷீட்டும் கையுமாக எம்.எஸ்சி. அட்மிஷனுக்கு அலைவதிலேயே போய்விடும். அதனால் எந்த நிறுவனம் உசத்தி என்று வரிசைப்படுத்துவதற்கு முன்னால், எந்தக் கோடைக்கு எது பொருந்தும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் என்னிடம் வரும் கேள்வி வேறு மாதிரி. "சார், எந்த இன்ஸ்டிடியூட் பெருசு? அதுக்கே போட்டுருவோம்." நான் சொல்கிற பதில் கேட்பவர்களுக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை. முதல் கோடையை இந்தத் தாமிரவருணிப் பக்கத்திலேயே கழியுங்கள், இரண்டாவது கோடைக்குப் பெங்களூருக்கோ மும்பைக்கோ போங்கள் என்பேன். "ஊர்ல என்ன சார் இருக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது. அதற்கு முன் பெரிய வாசலைப் பார்த்துவிடுவோம்.

இளநிலை மாணவருக்கு நாட்டில் உள்ள பெரிய வாசல், மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு ஃபெல்லோஷிப். பெங்களூரின் இந்தியன் அகாடமி ஆஃப் சயின்ஸஸ், டெல்லியின் இன்சா (இந்திய தேசிய அறிவியல் அகாடமி), பிரயாக்ராஜின் நாசி (தேசிய அறிவியல் அகாடமி) ஆகியவை அந்த மூன்று. எட்டு வாரம். நாட்டின் ஏதோ ஓர் ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியிடம் உங்களை ஒப்படைப்பார்கள். மாத உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. கல்லூரி ஆசிரியர்களும் இதில் விண்ணப்பிக்கலாம். நம் பக்கத்து ஆசிரியர்களில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் சங்கடமாக இருக்கும், விட்டுவிடுவோம்.

விண்ணப்பம் மூடுவது வழக்கமாக நவம்பர் வாக்கில். நமக்கு அது அடைமழைக் காலம், செமஸ்டர் தேர்வுக் காலமும்கூட. கோடையைப் பற்றி யாருக்கும் நினைப்பிருக்காது. மார்ச் மாதம் வெயில் ஏறிய பிறகு "சார், சம்மர் ஃபெல்லோஷிப்" என்று வந்து நிற்பார்கள். அதற்குள் தேர்வானவர்களுக்கு மெயில் போயிருக்கும்.

மதிப்பெண் போக அந்தப் படிவத்தில் எடை உள்ளவை இரண்டு. ஒன்று, என்ன ஆய்வு செய்ய விரும்புகிறீர்கள் என்று சில நூறு சொற்களில் எழுதுவது. மற்றது, உங்களை அறிந்த ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம். நாடு முழுக்கப் பல்லாயிரம் பேர் போடுகிறார்கள், எல்லோருமே நல்ல மார்க்தான். "சிறு வயது முதலே எனக்கு விண்வெளியில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் தாளை ஒருவர் எத்தனை முறைதான் படிப்பார்? பரிந்துரைக் கடிதமும் அப்படியே. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்ததைத் தவிர உங்களைப் பற்றி ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாவிட்டால், "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று எழுதுவதைத் தவிர அவருக்கும் வழியில்லை. முதல் கோடையில் ஏதாவது ஒன்றைக் கைப்பட அளந்து, எண்ணி, தவறாக வந்ததை மறுபடி செய்து பார்த்த பிள்ளைக்கு இந்த இரண்டு இடத்திலும் எழுத விஷயம் இருக்கும். ஊரிலிருந்து தொடங்கச் சொல்வது அதற்காகத்தான், ஊர்ப்பற்றினால் அல்ல.

பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் மையமும் தனியாக ஒரு கோடை ஃபெல்லோஷிப் நடத்துகிறது. அதற்கும் இதே பருவத்தில்தான் விண்ணப்பம். வேதியியலும் பொருளறிவியலும் படிப்பவர்கள் இரண்டுக்கும் சேர்த்தே போடுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸின் கோடைத் திட்டத்தை எல்லோரும் கேட்பார்கள். அது பெரும்பாலும் பி.இ. மூன்றாமாண்டுக்காரர்களுக்கும் எம்.எஸ்சி. முதலாண்டுக்காரர்களுக்கும் உரியது. பி.எஸ்சி. பிள்ளைகள் அதன்மேல் நம்பிக்கை வைத்து மற்றதைக் கோட்டைவிட வேண்டாம்.

முதலாண்டிலேயே வெளியே போயாக வேண்டும் என்கிற பிள்ளைக்கு மும்பையில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்திவரும் என்.ஐ.யு.எஸ். என்ற, இளநிலை அறிவியல் மாணவர்களுக்கான தேசியத் திட்டம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் தனித்தனி முகாம். முகாமில் நன்றாகச் செய்பவர்கள் அடுத்தடுத்த விடுமுறைகளில் திரும்பப் போய் அதே புராஜெக்டைத் தொடரலாம். ஒரே கோடையில் முடித்துக் கையெழுத்து வாங்கி வருகிற திட்டங்களைவிட இந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும். நாகர்கோவில்–மும்பை எக்ஸ்பிரஸ் நம் ஜங்ஷனில் நின்றுதான் போகிறது.

கணிதம் படிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: எம்.டி.டி.எஸ். என்ற கோடைக் கணிதப் பயிற்சி முகாம். 1993-இல் தொடங்கியது. சில வாரம் விடாமல் கேள்வி கேட்டே கணிதம் சொல்லித்தருவார்கள். சூத்திரம் ஒப்பிக்கிற பிள்ளைக்கு முதல் வாரம் அழுகை வரும். கணிதத்தில் "ஆய்வு" என்று இளநிலையில் பெயர் பண்ணுவதைவிட இந்தப் பயிற்சி பல மடங்கு உதவும். கணிதப் பிள்ளைகள் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்காமல் போனாலும் குறையில்லை.

இனி ஊர்.

கிருஷ்ணாபுரம் என்றதும் நம்மவர்க்குக் கோவில் சிற்பங்கள்தான் நினைவுக்கு வரும். விண்வெளி இயற்பியல் படிப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. நவி மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. அது ஏன் இங்கே? காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. தடையில்லாமல் தொங்கவிட்ட காந்த ஊசி, மேலும் சாயாமல் கீழும் சாயாமல் கிடையாக நிற்கிற கோடு அது. பகல் நேரத்தில் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் பாய்கிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் முதல் ராக்கெட் ஏவப்பட்டதும் இந்தக் கோட்டை முன்னிட்டுத்தான். தும்பா எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுக்குப் பக்கத்தில், 1992-இல் நிறுவிய ரேடாரை வைத்து 80, 90 கிலோமீட்டர் உயரத்துக் காற்றை அளந்தார்கள் என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியாது.

இதில் ஒரு பி.எஸ்சி. மாணவர் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். தரையில் உள்ள காந்தமானி புவிகாந்தப் புலத்தின் கிடைக்கூறை நாள் முழுக்கப் பதிகிறது. திருநெல்வேலியில் நடுப்பகலை ஒட்டி அந்த அளவு சட்டென்று உயரும், தலைக்குமேல் மின்னோட்டம் பாய்வதால். மும்பைக்குப் பக்கத்தில் 1904 முதல் இயங்கும் அலிபாக் காந்த ஆய்வகம் அந்தக் கோட்டிலிருந்து வெகுதூரம். அங்கேயும் பகலில் ஏற்றம் உண்டு, ஆனால் இந்தச் சிறப்பு மின்னோட்டத்தின் பங்கு இருக்காது. இரண்டு ஊரிலும் இரவு அளவைக் கழித்துவிட்டு, திருநெல்வேலி எண்ணிலிருந்து அலிபாக் எண்ணைக் கழித்தால், மிஞ்சுவது நம் தலைக்குமேல் ஓடுவதன் வலிமை. இதைச் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு லேப்டாப்பும் கழித்தலும்தான். ஆனால் ஒரு மாதத் தரவை வரைந்து பார்த்தால் சில பிற்பகல்களில் கோடு பூஜ்யத்துக்குக் கீழே போகும். மின்னோட்டம் திசை மாறியிருக்கிறது! ஏன், எந்த நாளில், நிலவின் நிலையோடு தொடர்பு உண்டா என்று கேட்கத் தொடங்கினால் இரண்டு மாதம் போதாது. மின்காந்தவியல் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதிய பிள்ளை, அதே பாடம் தன் ஊர் வானத்தில் நடப்பதைப் பார்க்கும்.

அங்கே இளநிலை மாணவருக்கு இடம் கிடைப்பது, நீங்கள் போகிற நேரத்தில் வழிகாட்ட ஒருவருக்குத் தோது இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. துறைத்தலைவர் கையெழுத்தோடு கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஜனவரியிலேயே கேளுங்கள். நேரில் இடம் இல்லை என்றாலும் தரவை எங்கே, எப்படிப் பெறலாம் என்று சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

தாவரவியல், விலங்கியல் பிள்ளைகளுக்கு ஊர் இன்னும் தாராளம். மணிமுத்தாறில், சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மையம் இருக்கிறது. தாமிரவருணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரி வாக்கில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அவர்கள் முன்னெடுத்தது. கோடைக்கு இடம் கேட்க நினைக்கிற பிள்ளை அந்தக் கணக்கெடுப்புக்கே தன்னார்வலராகப் போய்விடுவது நல்லது. வெயிலில் நின்று நாமக்கோழியையும் முக்குளிப்பானையும் பிரித்து எண்ணியவரை ஏப்ரலில் அவர்களுக்கு அடையாளம் தெரியும். முன்பின் தெரியாத மெயிலைவிட அது மேல்.

ஒரு எச்சரிக்கை. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் சிங்கவால் குரங்கு ஆராய்ச்சி என்ற கனவோடு நிறையப் பேர் வருகிறார்கள். புலிகள் காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய வனத்துறை அனுமதி வேண்டும். அது ஒரு கோடைக்குள் முடிகிற காரியமில்லை. ஏற்கெனவே அனுமதி வைத்திருக்கும் ஆய்வுக்குழுவோடு சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் காட்டுக்கு வெளியே வேலை செய்யுங்கள். வெளியே என்ன குறைச்சல்? கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்தங்கரை மரங்களிலும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் கூடு வைக்கின்றன. ஊர்க்காரர்கள் வெடி போடாமல் காக்கிறார்கள். பத்துக் கூட்டை ஒரே மணிக்கு, ஒரே இடத்திலிருந்து, தினமும் பார்த்து எழுதிவந்தால் அது தரவு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. மேற்குமலையின் செடிகளைத் தாளில் ஒட்டி, இடமும் தேதியும் குறித்து வைத்திருக்கிறார்கள். வேளாண்மையில் நாட்டமுள்ளவர்களுக்கு அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம், 1937-இல் வந்தது. நம் வீட்டு இட்லிக்கு ஊறப்போடும் ஏ.எஸ்.டி. 16 அங்கே பிறந்த ரகம்தான். கடல் என்றால் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம். காற்றாலை என்றால் கயத்தாறில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம்.

ஊர் இடங்களின் குறையையும் சொல்ல வேண்டும். உதவித்தொகை கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். சக மாணவர் கூட்டம் இருக்காது, அது பெரிய இழப்பு. பெங்களூர் விடுதி மெஸ்ஸில் கவுகாத்திப் பிள்ளையோடும் புனே பிள்ளையோடும் பேசிக் கற்கிறதை மணிமுத்தாறில் கற்க முடியாது. விலை கூடிய கருவி வேண்டுகிற வேலையும் நடக்காது. கரிம வேதியியலில் ஒரு சேர்மம் தயாரித்து அதன் என்.எம்.ஆர். நிறமாலையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிற பிள்ளையை நான் குளத்தங்கரைக்கு அனுப்ப மாட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு நடுவழி திருவனந்தபுரம். நாகர்கோவில் வழியாகக் காலையில் ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். பாப்பனங்கோட்டில் சி.எஸ்.ஐ.ஆரின் ஆய்வகமான நிஸ்ட், பூஜப்புரையில் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையம், பொன்முடி அடிவாரத்து விதுராவில் ஐசர் எனும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம், பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா. நம் பொதிகையின் மறுபக்கம்தான் பாலோடு. காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து மருந்து செய்து, வருவாயில் அவர்களுக்கும் பங்கு தந்த நிறுவனம் அது. இந்தப் பக்கத்துக் காணிக் குடிகளையும் மூலிகைகளையும் அறிந்த பிள்ளைக்கு அங்கே பேச விஷயம் இருக்கும்.

ஆனால் திருவனந்தபுரத்துக்குப் பொது வாசல் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு விஞ்ஞானிக்கும் தனியாக மெயில் எழுதித்தான் கேட்க வேண்டும். ஒரே மெயிலை முப்பது பேருக்குத் தட்டிவிட்டால் முப்பது பேரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒருவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, புரிந்தது எது, புரியாதது எது என்று நாலு வரி எழுதுங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். சில அரசு ஆய்வகங்கள் புராஜெக்ட் மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதும் உண்டு. விதுராவில் தங்க இடம் இல்லையென்றால் நகரத்திலிருந்து தினமும் மலையடிவாரத்துக்குப் பஸ் பிடித்துப் போய்வருவது பெரும்பாடு. இரண்டையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெல்லோஷிப் கிடைத்தாலும் பணம் முதல் நாளே கைக்கு வந்துவிடாது. விடுதி கிடைக்காத இடத்தில் பேயிங் கெஸ்ட் அறை பிடித்தால் அட்வான்ஸ் கேட்பார்கள். முதல் மாதச் செலவை வீட்டில் புரட்ட முடியுமா என்று இப்போதே பேசிவிட வேண்டும். பிளஸ் டூ மார்க்கால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குகிற பிள்ளைக்கு, ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 ரூபாய் கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. பலர் அதை ஒரு சான்றிதழுக்கான சடங்காக முடித்துவிடுகிறார்கள். அந்தப் பணம் ஒரு பிள்ளையைத் திருவனந்தபுரத்தில் வைத்துக் காப்பாற்றப் போதும்.

காசு வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் "ரிசர்ச் இன்டர்ன்ஷிப்" சான்றிதழ் தரும் பயிற்சிக் கடைகள், குறிப்பாக பயோடெக்கில், இப்போது ஏராளம். டி.என்.ஏ.வைப் பிரித்துக் காட்டுவார்கள், ஜெல் ஓட்டிக் காட்டுவார்கள். விடை முன்பே தெரிந்த பரிசோதனை அது. உங்கள் கல்லூரி லேபில் அந்தக் கருவி இல்லையென்றால் பழகிக்கொள்ளப் போகலாம். ஆய்வு என்று எண்ணிப் போகாதீர்கள், கடன் வாங்கிப் போகவே போகாதீர்கள்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்காவின் ஆர்.இ.யு. எனும் இளநிலை ஆய்வுத் திட்டங்கள். அவை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான். கனடாவின் மைடாக்ஸ், ஜப்பானின் ஓய்ஸ்ட் போன்ற நிறுவனங்களின் திட்டங்களுக்கு நாம் முயலலாம். அங்கேயும் முதலில் கேட்பது இதுவரை என்ன செய்திருக்கிறாய் என்பதுதான். பாஸ்போர்ட்டை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள்.

நாள்காட்டியில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் ஏப்ரலோடு தேர்வு முடியும். சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மற்ற இணைப்புக் கல்லூரிகளில் அது மே வரை இழுப்பதுண்டு. எட்டு வாரத் திட்டம் மே நடுவில் தொடங்கினால், குற்றாலத்தில் சாரல் கட்டி, கல்லூரி திறந்து, அட்டெண்டன்ஸ் ஓடத் தொடங்கிய பிறகும் நீங்கள் ஆய்வகத்தில்தான் இருப்பீர்கள். தேர்வான கடிதம் வந்த அன்றே அதைத் துறைத்தலைவரிடமும் முதல்வரிடமும் காட்டி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஜூலையில் போய்க் கெஞ்சுவது வேறு கதை.

பெண் பிள்ளைகளின் வீட்டில் கேட்பது இன்னொரு கேள்வி. "சார், எங்க பிள்ள தூத்துக்குடியத் தாண்டித் தனியா போனதில்ல. ரெண்டு மாசம் பெங்களூர்ல எப்படி விடுறது?" அந்தக் கவலையை நான் பழிக்க மாட்டேன். தங்குமிடம் வளாகத்துக்குள்ளேயா, இரவு லேபிலிருந்து திரும்ப வழி என்ன என்று நிறுவனத்திடமே மெயிலில் கேளுங்கள். பதிலை அப்பா அம்மாவிடம் தமிழில் படித்துக் காட்டுங்கள். முதல் தடவை அம்மாவோ அண்ணனோ கூடப் போய் விடுதியைப் பார்த்துவிட்டு மறுநாள் ரயிலில் திரும்பலாம், பெங்களூருக்கு நம் ஊர் வழியாகவே ராத்திரி வண்டி இருக்கிறது. முதல் கோடையில் தினமும் மணிமுத்தாறுக்கோ கிருஷ்ணாபுரத்துக்கோ போய்வந்த பிள்ளையின் வீட்டில் இந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது கோடைக்கு எங்கிருந்தும் பதில் வராமல் போவதும் நடக்கும். அப்படியானால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 1899-இல் வந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகம், நூறாண்டுக்கு மேல் எடுத்த சூரியப் படங்களை எண்மப்படுத்திப் பொதுவில் வைத்திருக்கிறது. சூரியப் புள்ளிகளை வட அரைக்கோளம், தென் அரைக்கோளம் என்று பிரித்து எண்ணி, ஒரு பதினோராண்டுச் சுழற்சியில் எது முந்துகிறது என்று பார்க்கலாம். பைத்தான் என்ற கணினி மொழி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், அதை என்.பி.டி.இ.எல். இணைய வகுப்பில் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் காசில்லாமல் படித்துவிடலாம். உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அவருக்கு அந்தத் துறை தெரியாவிட்டாலும் சரி. எம்.எஸ்சி.க்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் அவர்தான்.